ஒன்றும் ஆகாது என்று சொன்னேன்

மகளுடைய முதல் பிரசவத்துக்காக நான் கனடாவுக்குப் புறப்பட்டது பொங்கலுக்கு ஒரு வாரம் முன்பு. அதுவரை சென்னையைத் தாண்டி நான் எங்கும் போனதில்லை. கணவர் இறந்து ஏழு வருடங்கள் ஆகியிருந்தன. நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்று மூன்று வருடங்கள். அரசு ஆஸ்பத்திரிகளில் வேலை பார்த்த முப்பது சொச்சம் வருடங்களில் பாதிக்கு மேல் தீக்காய வார்டில் கழிந்தது. சிவகாசி, சாத்தூர், விருதுநகர் என்று மாற்றலாகிக்கொண்டிருந்த ஒரு நர்ஸுக்கு இது பெரிய விஷயமில்லை. எங்கள் பக்கத்தில் நர்ஸ் என்றாலே என்றைக்காவது ஒருநாள் அந்த வார்டில் நின்றாக வேண்டும்.

ஆமத்தூரில் எங்கள் தெருவில் கிறிஸ்தவ வீடுகள் இரண்டுதான். ஒன்று என்னுடையது. காய்ச்சல், வயிற்றுப்போக்கு, பிள்ளைப்பேறு, பரீட்சை என்று எதற்கும் ஆட்கள் என் வாசலுக்கு வருவார்கள். "சிஸ்டரம்மா வீட்டுல ஊசியும் போடுவாக, செபமும் பண்ணுவாக" என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வார்கள். எனக்கும் அதில் ஒரு பெருமை இருந்தது. இப்போது நினைத்தால் அந்தப் பெருமைதான் உறுத்துகிறது.

பக்கத்து வீட்டுக்காரி என்னைவிடப் பதினாறு பதினேழு வயது சின்னவள். பட்டாசு ஆபீசுக்குப் போகிறவள். தொழிற்சாலையை எங்கள் ஊரில் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். ரொம்ப காலம் சரவெடி பின்னிக்கொண்டிருந்தாள்; பிறகு வானத்தில் போய் வெடிக்கிற ரகங்களுக்கு வெடிமருந்து அடைக்கும் அறைக்கு அவளை மாற்றிவிட்டார்கள். அவள் புருஷன் மல்லாங்கிணற்றுக்காரர், அச்சாபீஸ்களுக்குப் பேப்பர் லோடு ஏற்றிப்போகும் வண்டி ஓட்டுகிறவர். ஒரே பெண், விருதுநகரில் கல்லூரி இரண்டாம் வருடம்.

நான் புறப்பட்ட அன்று வீட்டுச் சாவியை அவளிடம்தான் கொடுத்தேன்.

"மூணு மாசம் பூட்டுன வீடு இருட்டாக் கெடக்கப்படாதுக்கா. சாயந்தரம் வேன் வந்து எறங்குனதும் நான் போயி லைட்டப் போட்டுட்டு, செடிக்குத் தண்ணி ஊத்திருதேன். நீங்க கவலப்படாமப் போங்க" என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "அங்க உங்க கோயிலு இருக்குமில்ல? எனக்கும் ஒரு செபம் பண்ணுங்கக்கா. இந்த முட்டிவலி போனாப் போதும்" என்றாள்.

செய்கிறேன் என்று சொன்னேன். செய்யவும் செய்தேன். முட்டிவலிக்கு ஜெபிப்பது எளிது.

மகள் இருந்த ஊர் கனடாவின் நடுப்பகுதியில், எங்கு பார்த்தாலும் சமதளமாகக் கிடந்த ஒரு ஊர். விமான நிலையத்தின் கதவு திறந்ததும் மூக்குக்குள் இருந்த ஈரம் உறைந்து குத்தியது. மருமகன் ஓடிவந்து என் தலையில் குல்லாவை மாட்டிவிட்டார். அதற்குப் பிறகு நான் வெளியே போனது விரல் விட்டு எண்ணிவிடக் கூடிய தடவைகள்தான். வீட்டுக்குள் கதகதப்பாக இருந்தது. ஆனால் ஜன்னல்களைத் திறக்கக் கூடாது. இரண்டடுக்குக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தெரு வெள்ளையாகக் கிடக்கும். காக்கா இல்லை, மைக் செட் இல்லை, பஸ் ஹாரன் இல்லை. விடியற்காலையில் எழுந்து ஜெபிப்பது எனக்கு நாற்பது வருடப் பழக்கம். ஆமத்தூரில் ஜெபிக்கும்போது தெருக்குழாயில் குடம் வைக்கிற சத்தம் கேட்கும். யார் வீட்டில் என்ன கஷ்டம் என்று அந்தச் சத்தத்தை வைத்தே ஒவ்வொருவராக நினைவுக்கு வருவார்கள். அங்கே முழங்காலில் நின்றால் ஹீட்டர் ஓடுகிற சத்தம் மட்டும்தான். யாருக்காக ஜெபிப்பது என்று யோசித்து யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

மூன்றாவது வாரம், ஒரு வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு போன் அடித்தது. அங்கே காலை ஏழு என்றால் ஊரில் சாயந்தரம் ஆறரை. பக்கத்து வீட்டுக்காரர். குரல் அவருடையது போலவே இல்லை.

"அக்கா... ஆபீசுல வெடிச்சிருச்சுக்கா. அவ இருந்த ரூமுதான். மூணு பேரு அங்கனயே போயிட்டாக. இவள வெளிய இழுத்துப் போட்டுட்டாக. மதுரைக்குக் கொண்டாந்திருக்கோம்."

"பேசுறாளா?"

"நல்லாப் பேசுதாக்கா. தண்ணி கேட்டா. பிள்ளையக் கேட்டா. அதான் எனக்குக் கொஞ்சம் தெம்பா இருக்கு."

அவருக்குத் தெம்பு கொடுத்ததுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது.

இதை விளக்கிச் சொல்ல வேண்டும். தீக்காயம் பெரிதாகப் பட்டவர்கள் முதல் நாள் நன்றாகத்தான் பேசுவார்கள். தண்ணீர் கேட்பார்கள், வீட்டுக் கதவைப் பூட்டினாயா என்று கேட்பார்கள், இட்லிகூடக் கேட்பார்கள். சொந்தக்காரர்கள் முகம் தெளிந்துவிடும். பேசுகிறவள் எப்படிச் சாவாள் என்று நினைப்பார்கள். மூன்றாம் நாள் முகம் வீங்கும். பிறகு சிறுநீர் குறையும். பிறகு காய்ச்சல். எத்தனை பேரை அப்படிப் பார்த்திருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை. அதனால் வார்டில் நான் ஒரு பழக்கம் வைத்திருந்தேன். பிழைக்க மாட்டார் என்று தெரிந்துவிட்டால் டாக்டர் சொல்வதற்காகக் காத்திருக்க மாட்டேன். வீட்டு ஆளைத் தனியே கூப்பிட்டுத் தோளில் கைவைத்து, "எங்கேயும் போகாதீங்க. கூடவே இருங்க. என்ன பேசணுமோ பேசிக்கிடுங்க" என்பேன். அவ்வளவுதான். சிலர் உடனே புரிந்துகொண்டு அழுவார்கள். சிலர் புரியாத மாதிரி தலையாட்டிவிட்டு, ஆனால் நகராமல் கட்டிலோரத்திலேயே உட்கார்ந்திருப்பார்கள்.

என்னிடம் வேலை பழகிய ஒரு பெண் இப்போது அந்த மதுரை ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள். அவளைக் கூப்பிட்டேன். அவள் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்.

"அறுபத்தஞ்சு பர்சன்டுக்கு மேல இருக்கும் சிஸ்டர். மூக்கு முடியெல்லாம் கருகியிருக்கு. குரல் கட்டுது."

மூக்கு முடி கருகியிருந்தால் சூடு உள்ளே மூச்சுக்குழல் வரை போயிருக்கிறது என்று அர்த்தம். எங்கள் இருவருக்கும் அது தெரியும்.

மறுநாள் காலை அதே நேரத்துக்குப் போன் வந்தது. "ஒங்ககிட்டப் பேசணும்னு கேக்காக்கா" என்று சொல்லி அவர் போனை அவள் காதருகே வைத்தார். சீறல் மாதிரி ஒரு மூச்சு கேட்டது. பிறகு அவள் குரல், நாரைக் கிழித்த மாதிரி.

"அக்கா, பேத்தி பெறந்துட்டாளா?"

"இன்னும் இல்லடா. நீ பேசாம இரு. குரல் வலிக்கும்."

"குளுருதுக்கா. ரொம்பக் குளுருது. போர்வ கேட்டாக் குடுக்க மாட்டேங்காக."

தோல் போன உடம்பு சூட்டைப் பிடித்து வைக்க முடியாது. நல்ல கோடையில்கூட அவர்கள் நடுங்குவார்கள். போர்வையைக் காயத்தின் மேல் போடவும் முடியாது. இதெல்லாம் எனக்குப் பாடமாகத் தெரியும். இருந்தும் அவள் குளிர்கிறது என்று சொன்னபோது, வெளியே அத்தனை பனி கொட்டிக்கிடக்க, நான் ஸ்வெட்டரும் காலுறையும் போட்டு, சூடான வீட்டுக்குள் நிற்பதை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது. யாரோ என்னைப் பிடித்து அங்கே நிறுத்திவைத்த மாதிரி இருந்தது.

"செடிக்குத் தண்ணி ஊத்தலக்கா. பிள்ளைட்டச் சொல்லிருக்கேன்" என்றாள்.

போனை அவர் வாங்கிக்கொண்டு வராண்டாவுக்கு வந்தார். செருப்புச் சத்தமும், பின்னால் யாரோ கூப்பிடுகிற சத்தமும் கேட்டன. பிறகு கேட்டார்.

"நீங்க எம்புட்டுப் பேரப் பாத்திருப்பீக. உள்ளதச் சொல்லுங்கக்கா. பொளைச்சுக்கிருவாளா?"

அந்தக் கேள்வியை வார்டில் என்னிடம் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறார்கள். பதிலும் என்னிடம் இருந்தது. ஆனால் அங்கே கை வைப்பதற்கு ஒரு தோள் இல்லை. ஒரு சின்னக் கண்ணாடிச் சதுரம் மட்டும் கையில் இருந்தது. அதற்குள்ளே ஒரு ஆண்பிள்ளை மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தார்.

"கர்த்தர் கைவிட மாட்டாரு. ஒண்ணும் ஆகாது. நான் ஜெபம் பண்ணிக்கிட்டேதான் இருக்கேன்" என்றேன்.

அவர் மூச்சை விட்டது எனக்குக் கேட்டது. "இது போதும்க்கா. டாக்டருக ஒண்ணுஞ் சொல்ல மாட்டேங்காக. நீங்க சொல்லிட்டீகள்ல" என்றார்.

போனை வைத்தபிறகு நான் சொன்னது பொய் என்று எனக்குத் தோன்றவில்லை. விசுவாசம் என்று தோன்றியது. இத்தனை நாளும் நான் மருத்துவத்தை நம்பி ஆண்டவரைக் குறுக்கிவிட்டேனோ, இந்த ஒருத்தி விஷயத்தில் அவர் நான் கண்டதையெல்லாம் பொய்யாக்கினால் என்ன என்று நினைத்தேன். குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தரையில் விழுந்து கேட்டேன். அழுதேன். அப்படி நான் என் கணவருக்காகக்கூடக் கேட்டதில்லை.

போய்விடலாமா என்றும் பார்த்தேன். மருமகன் அன்றைக்கே டிக்கெட் தேடினார். சனிக்கிழமை பெரிய பனிப்புயல் வருகிறது என்று அறிவித்திருந்தார்கள். விமானங்களை ஒவ்வொன்றாக ரத்து செய்துகொண்டிருந்தார்கள். மகளுக்கு ரத்த அழுத்தம் ஏறியிருந்தது. அவள் சோபாவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில், "போனா என்னம்மா பண்ணுவ?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. அவளும் நர்ஸ்தான். அவளுக்கும் தெரியும்.

சனிக்கிழமை முழுக்கப் பனி அடித்தது. எதிர்வீடு தெரியவில்லை. ஊரிலிருந்து வந்த போனில் அவர், "மூஞ்சி கொஞ்சம் வீங்கியிருக்குக்கா, மருந்து வேகமா இருக்கும்" என்றார். "ஆமா" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் புயல் விட்டதும் மருமகன் வண்டிமேல் குவிந்த பனியைத் தள்ளிவிட்டு என்னை ஆராதனைக்குக் கூட்டிப்போனார். ஒரு வெள்ளைக்காரச் சபையின் நிலவறையில் இருபது தமிழ்க் குடும்பங்கள் கூடுவார்கள். வாசலில் எல்லாருடைய பூட்ஸிலிருந்தும் பனி உருகி ஒழுகிக்கொண்டிருக்கும். நடத்துகிறவர் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் நடுவயதுக்காரர், நல்ல மனிதர். ஜெப விண்ணப்பம் கேட்டபோது எழுந்து சொன்னேன். பட்டாசு விபத்து என்றேன், சதவீதத்தைச் சொல்லவில்லை. மூக்கு முடியைப் பற்றிச் சொல்லவில்லை. "தீக்காயம் பட்டிருக்கிறது, கவலைக்கிடம்" என்று மட்டும் சொன்னேன்.

எல்லாரும் எழுந்து நின்று ஜெபித்தார்கள். சின்னப் பிள்ளைகள்கூடக் கண்ணை மூடி நின்றன. அவர் உரத்த குரலில் ஜெபித்து முடித்துவிட்டு என் பக்கம் திரும்பி, "அம்மா, அந்தச் சகோதரி எழுந்து நடப்பாங்க. எனக்கு அப்படித்தான் உணர்த்தப்படுது. நீங்க தைரியமா இருங்க" என்றார். "ஆமென்" என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். எனக்கு முன்னால் நின்ற பெண் திரும்பி என் கையைப் பிடித்தாள். அவள் கை சூடாக இருந்தது. அந்த நிமிஷம் நானும் நம்பினேன் என்றுதான் நினைக்கிறேன். வீட்டுக்கு வருகிற வழியில், வண்டி வழுக்காமல் இருக்க மருமகன் ஆமை வேகத்தில் ஓட்டிக்கொண்டிருந்தபோது, அந்த நம்பிக்கை என்னிடம் இல்லை. எங்கே விட்டேன் என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை மதுரையில் இருந்த நர்ஸ் பெண்ணைக் கூப்பிட்டேன்.

"யூரின் இல்ல சிஸ்டர். நேத்துலேருந்து நினைவு வந்து வந்து போகுது."

"வீட்டுக்காரர் இருக்காரா பக்கத்துல?"

"இருக்காரு சிஸ்டர். ரொம்ப தைரியமா இருக்காரு. நான்தான் ஒண்ணும் சொல்ல முடியாம நிக்கேன். 'எங்கக்கா சொல்லிட்டாக'ன்னு சொல்றாரு."

அன்றைக்குப் பகல் முழுக்க எனக்கு வேறு வேலை ஓடவில்லை. மகளுக்குச் சோறு எடுத்து வைத்துவிட்டு ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தேன். சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனே தோட்டத்தில், இந்தச் சாவு தன்னைவிட்டு நீங்கட்டும் என்று ஆண்டவரே கண்ணீரோடு கேட்டது அவருக்குக் கிடைக்கவில்லை. இதைப் பற்றி ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்கு நான் வருஷா வருஷம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அவர் கேட்டார், பிறகு எழுந்து நடக்க வேண்டிய இடத்துக்கு நடந்து போனார். நான் கேட்டதோடு நின்றுவிட்டேன். ஒருவரிடம் போய் உண்மையைச் சொல்கிற வேலை எனக்கு இருந்தது. அதைச் செய்யாமல், செய்யாததற்கு ஆண்டவருடைய பெயரைத் திரைபோல் இழுத்து மூடிவிட்டேன். வீணாக அவர் பெயரைச் சொல்லக் கூடாது என்ற கட்டளையைச் சின்னவயதிலிருந்து ஒப்பிக்கிறேன். கோபத்தில் சத்தியம் பண்ணுவதைத்தான் அது சொல்கிறது என்று அறுபது வயதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாளைக் காலை ஏழு மணிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிடுவார், அப்போது சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். என்ன சொல்ல வேண்டும் என்று யோசிக்க ஒன்றுமில்லை. வார்டில் சொல்கிற அந்த நாலு வார்த்தைதான். உடனே கூப்பிட்டிருக்கலாம். ஊரில் எல்லாரும் தூங்குகிற நேரம், அசந்து தூங்குகிறவரை எழுப்ப வேண்டாமே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை ஏழு மணிக்குப் போன் வரவில்லை. ஏழேகாலுக்கு நானே அடித்தேன். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. ஏழரைக்கு மதுரைப் பெண்ணைக் கூப்பிட்டேன்.

"போயிட்டாங்க சிஸ்டர். மத்தியானம் ரெண்டு மணிக்கு."

"அவரு?"

"அப்ப அவரு இல்ல சிஸ்டர். காலையிலயே இருக்கன்குடிக்குப் போயிட்டாரு. மாரியம்மனுக்கு நேந்துக்கிட்டாராம், செவ்வாக்கிழம ஆச்சேன்னு போனாரு. வழியில போன்ல சார்ஜ் இல்லாமப் போயிருச்சாம். பொண்ணு மட்டும்தான் இருந்துச்சு. நான் பக்கத்துலயே நின்னேன் சிஸ்டர்."

நான் நன்றி சொன்னேன். மகள் மாடியிலிருந்து மெதுவாக இறங்கி வந்து என் முகத்தைப் பார்த்தாள். நாங்கள் இருவரும் சோபாவில் உட்கார்ந்தோம். தெருவில் பனி அள்ளுகிற வண்டி போனது.

"நீ என்னம்மா செய்திருக்க முடியும்?" என்றாள் அவள். எல்லாரும் அதையேதான் சொன்னார்கள். காப்பாற்றியிருக்க முடியாது. அது எனக்குத் தெரியும். ஆனால் என்னால் முடிந்தது ஒன்று இருந்தது.

பன்னிரண்டு நாள் கழித்துப் பேத்தி பிறந்தாள். நல்ல சுகமான பிரசவம். சபைக்காரர்கள் பாத்திரம் பாத்திரமாகச் சாப்பாடு கொண்டுவந்தார்கள். ஆராதனை நடத்துகிற அந்த மனிதரும் மனைவியோடு வந்தார். குழந்தைக்கு ஜெபித்த பிறகு, "அந்தச் சகோதரி எப்படி இருக்காங்க?" என்று கேட்டார். இறந்துவிட்டாள் என்றேன். அவர் முகம் சிவந்தது. காலடியைப் பார்த்தபடி, "நானும் மனுஷன்தானம்மா. அப்படி இருக்கணும்னு ஆசப்பட்டேன்போல" என்றார். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. எப்படி வரும்? நான் தெரிந்து சொன்னேன். அவர் தெரியாமல் சொன்னார்.

ஏப்ரல் கடைசியில் ஊர் திரும்பினேன். மதுரையில் இறங்கியபோது வெயில் முகத்தில் அடுப்பு மாதிரி அடித்தது. ஆமத்தூர் வீட்டின் சாவியை அவள் மகள் கொண்டுவந்து கொடுத்தாள். செடிகளில் பாதி நன்றாகவே இருந்தன. அந்தப் பெண் மெலிந்துபோயிருந்தாள். "நல்லா இருக்கீகளா பெரியம்மா? பாப்பா எப்பிடி இருக்கா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள்.

அன்று சாயந்தரம் நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். சுவரில் அவள் படத்துக்கு மாலை போட்டிருந்தது. அடையாள அட்டைக்கு எடுத்த படத்தைப் பெரிதாக்கியிருந்தார்கள். அவள் அதில் யாரோ மாதிரி இருந்தாள். அவர் பாயை விரித்து, "உக்காருங்கக்கா" என்றார். விபத்து நடந்த நாளைப் பற்றிச் சொன்னார். விசாரணைக்கு யார் யார் வந்தார்கள், ஆபீஸ் எத்தனை நாள் பூட்டிக் கிடந்தது, இப்போது திறந்துவிட்டார்கள் என்றெல்லாம் சொன்னார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு அவராகவே நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஒண்ணு கேக்கணும்க்கா. அன்னைக்கே தெரியுமா ஒங்களுக்கு?"

"தெரியும்" என்றேன்.

"வெள்ளிக்கிழமையே?"

"வியாழக்கிழமையே தெரியும்."

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டார். பக்கத்து அறையில் பெண் ஏதோ பாத்திரத்தை வைத்த சத்தம் நின்றுபோனது.

"பின்ன ஏன்க்கா சொல்லல?"

"வாய் வரல."

"சாமி பேரச் சொன்னீகளே."

"சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது."

"அத நம்பித்தானக்கா நான் பஸ் ஏறுனேன். பொளைச்சுக்கிருவா, நேத்திக்கடன மொதல்ல முடிச்சுருவோம்னு போனேன். இல்லைன்னா நான் அவள விட்டு நகந்திருப்பனா? பிள்ள சொல்லுதா, கடைசியில கண்ண முளிச்சு 'அப்பா எங்க'ன்னு கேட்டாளாம். டீ குடிக்கப் போயிருக்காருன்னு பிள்ள சொல்லிருக்கு."

நான் அவர் கையைப் பிடிக்கப் போனேன். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை, ஆனால் தரவும் இல்லை. மன்னிச்சிருங்க என்று சொன்னேன். அவர் எழுந்து, வண்டிக்குக் காற்றடிக்க வேண்டும் என்று சொல்லி வெளியே போனார். அவர் திரும்பி வருகிறவரை இருக்கலாமா போகலாமா என்று தெரியாமல் நான் அந்தப் பாயிலேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்து வந்துவிட்டேன்.

அதற்குப் பின் ஒரு மாதம்போல அவர் என்னோடு பேசவில்லை. எதிரே வந்தால் ஒதுங்கிப் போவார். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலுக்குப் போனேன். ஜெப விண்ணப்பங்களை வாசிப்பார்கள். இன்னாருக்குச் சுகம், இன்னாருக்கு விடுதலை. எல்லாரோடும் நின்றேன். ஆமென் சொல்லும் இடத்தில் எனக்குக் குரல் வரவில்லை. விசுவாசம் போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. ஆண்டவர் இருக்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அவர் அந்த மதுரை வார்டிலும் இருந்தார் என்றுதான் நம்புகிறேன். அங்கே நின்று அவர் என்ன செய்தார் என்றுதான் எனக்குத் தெரியவில்லை. கேட்டுப் பார்க்கிறேன். ஒன்றும் வருவதில்லை. இப்போதெல்லாம் காலையில் பக்கத்து வீட்டுக்காரியின் பெயரையும், அவள் மகளின் பெயரையும், அவள் புருஷனின் பெயரையும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்க்கப் பயமாக இருக்கிறது.

இடையில் மேலத் தெருவிலிருந்து ஒரு பெண் வந்தாள். அப்பாவுக்கு ஈரலில் கட்டி, செபம் பண்ணுங்க சிஸ்டரம்மா என்று கேட்டாள். ஆஸ்பத்திரிக் காகிதங்களை எடுத்துவரச் சொல்லி முதலில் அதைப் படித்தேன். என்ன இருக்கிறது என்று சொன்னேன். லீவு போட்டு அப்பாவோடு இரு என்று சொன்னேன். பிறகு ஜெபித்தேன். அவள் எழுந்து போகும்போது முகம் சுருங்கியிருந்தது. அவள் வந்தது இதைக் கேட்க அல்ல. அடுத்த வாரம் வேறொரு ஊரில் எண்ணெய் பூசி ஜெபிக்கிறவரிடம் அப்பாவை வேனில் கூட்டிப்போனார்கள் என்று கேள்விப்பட்டேன். அவர்களைக் குறை சொல்ல எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை.

ஆனைக்குட்டம் அணையில் தண்ணீர் வற்றி, தெருவில் குழாய்த் தண்ணீர் பத்து நாளைக்கு ஒருமுறை என்று ஆனது. தண்ணீர் லாரி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஒருநாள் நான் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தபோது வாசலில் சத்தம் கேட்டது.

"அக்கா, லாரி வந்திருச்சு. குடத்த எடுத்துட்டு வாங்க."

அவர்தான். நான் ஒரு குடத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர் முகத்தைப் பார்க்கவில்லை, அவரும் என்னைப் பார்க்கவில்லை. லாரியிலிருந்து வந்த தடித்த குழாயைப் பிடித்து அவர் வீட்டுக் குடங்களை நிரப்பிவிட்டு என் குடத்தில் வைத்தார். தண்ணீர் வேகத்துக்குக் குடம் ஆடியது. நான் குனிந்து அதன் கழுத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டேன். "இன்னொண்ணு இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது என்று சொல்லி உள்ளே போனேன்.